யானையின் தும்பிக்கை எங்கே போனது?

கேள்வி: தாத்தாவின் பழைய புத்தகத்தில் 'யானை' என்ற சொல்லில் ன-வுக்கு மேலே தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கிறது. நாங்கள் பள்ளியில் படித்த னை வேறு. எழுத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு?
– ஒரு வாசகி

பதில்: 1978 வரை தமிழ்நாட்டில் அதுதான் முறையான வடிவம். ண, ல, ள, ன நான்கும் ஐகாரத்துக்குத் தும்பிக்கை வைத்துக்கொண்டன. ணா, றா, னா மூன்றுக்கும் கால் கிடையாது, சுழிதான். அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களையும் சேர்த்தால் 13 எழுத்துகள் விதிக்கு வெளியே நின்றன.

அச்சுக் கோத்தவர்களுக்குத்தான் இதன் தொல்லை தெரியும். நானும் கோத்தவன். 'கா' வேண்டுமா? க-வை எடுத்துப் பக்கத்தில் காலை வைத்தால் சரி. 'றா'வுக்குத் தனி அச்சு, தட்டில் தனி அறை. அது தீர்ந்துவிட்டால் கால் எத்தனை குவிந்திருந்தாலும் பயனில்லை. ('றொ' என்பது கொம்பும் அதே றாவும்தான். அதனால் தனி அச்சு ஏழு போதும்.)

பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புதிய வடிவங்களை அச்சிட்டார். அரசாணை வர 43 ஆண்டுகள் ஆயின. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்ற அவருடைய யோசனையை அரசு ஏற்கவில்லை. ஆணை போட்டது அரசுதான். ஆனால் பாடப்புத்தகம் அந்த வடிவத்தில் வந்து, குழந்தைகள் அதிலேயே எழுதிப் பழகிய பிறகுதான் மாற்றம் நிலைத்தது. என்னைக் கேட்டால் உண்மையான அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு முன்பும் எழுத்து மாறியிருக்கிறது. எ, ஒ குறில்களுக்குப் புள்ளி உண்டு என்கிறது தொல்காப்பியம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுவோர் விட்டுவிட்டார்கள். அப்புறம் குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் ஏ, ஓ வடிவங்களைப் பிரித்துக் காட்டினார்.

இப்போது அந்த அதிகாரத்தில், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடு முறைக்கும் பங்கு உண்டு. 'கெ'வுக்கு நாங்கள் கொம்பை முதலில் வைப்போம். கணினி க-வை முதலில் வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் கொம்பை இடப்பக்கம் காட்டுகிறது. ஒலிக்கும் முறைப்படி அது சரியானதே. எனக்கு வருத்தம் வேறு: இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட வரிசையைப் பின்பற்றியதால், அங்கே ந-வுக்கு அடுத்து ன-வும், ர-வுக்கு அடுத்து ற-வும் நிற்கின்றன. நம் அகரவரிசையில் அவை கடைசி இரண்டு. பெயர்ப் பட்டியலைச் சரியாக அடுக்க, மென்பொருளுக்குத் தனியாக விதி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.