வீட்டுக் கேமராவை ஊரே பார்க்கிறதா? – பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை, வேலை நேரத்திலும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு கேமராக்களையும் ஒரு பதிவுப் பெட்டியையும் 1,850 ரிங்கிட் கொடுத்துப் பொருத்தினோம். என் அண்ணன் மகன் ஷோடான் என்ற தேடுபொறியில் எங்கள் வீட்டு இணைய இணைப்பின் எண்ணை (ஐபி முகவரியை) கொடுத்தபோது, மாமியாரின் கட்டில் தெரியும் படமே வந்துவிட்டது. பொருத்தியவரைக் கேட்டால், "இன்டர்நெட் என்றாலே அப்படித்தான் அக்கா" என்கிறார். – வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அவர் சொல்வது பொய், அம்மா. ஜான் மாதர்லி என்பவர் 2009-இல் தொடங்கிய ஷோடான், கூகுளைப் போல் இணையப் பக்கங்களில் உள்ள எழுத்துகளைத் திரட்டுவதில்லை. இணைய முகவரிகளைத் தட்டிப் பார்த்து, அங்கே எந்தக் கருவி பதில் சொல்கிறது, தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைக் குறித்து வைக்கிறது. பூட்டில்லாமல் படம் கிடைத்தால் அதையும் சேர்த்து வைக்கும். எந்தக் கடவுச்சொல்லையும் அது உடைப்பதில்லை. ஆகவே படமே வந்துவிட்டது என்றால், கேட்டவருக்கெல்லாம் கடவுச்சொல் கேளாமல் படத்தைக் கொடுக்கும்படி உங்கள் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். கைப்பேசியில் உடனே படம் தெரிந்தால் வாடிக்கையாளர் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிடுவார் என்பதற்காக, ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கருவிக்குள் வரும் எண்ணிட்ட வாசலைத் திறந்துவிட்டு, பூட்டு எதையும் போடாமல் போவது இந்தத் தொழிலில் சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. கேமராக்களுக்கு அது பெரும்பாலும் 554 என்ற எண்ணுள்ள போர்ட்டாக இருக்கும்.

இன்றிரவே பதிவுப் பெட்டியிலிருந்து இணையக் கம்பியை உருவிவிடுங்கள். கேமராக்கள் நேராகப் பெட்டியில் இணைந்திருந்தால் பதிவு தொடர்ந்து நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பது மட்டும் நிற்கும், உங்கள் கைப்பேசியிலும்தான். பிறகு அண்ணன் மகனையே உட்கார வைத்து, ரவுட்டரில் திறந்திருக்கும் போர்ட்டுகளை மூடி, கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள இடம் தரும் யுபிஎன்பி என்ற வசதியை நிறுத்தி, பெட்டிக்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் புதிய கடவுச்சொல் வைத்து, தயாரிப்பாளர் வெளியிட்ட அண்மைய மென்பொருளை ஏற்றச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்க்க, வீட்டுக்குப் பூட்டிய தனிப்பாதை போட்டுத் தரும் விபிஎன் இணைப்பே நல்லது. ஆனால் இவற்றில் எதையும் தொடுவதற்கு முன், ஷோடானில் வந்த படத்தையும் தேதியையும் கைப்பேசியில் பிடித்து வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். படுக்கையறையை உலகுக்குத் திறந்துவிட்டுப் போனதைக் கவனம் என்று எந்த நடுவரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். முதலில் எழுத்தில் கேளுங்கள்: சரிசெய்து தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மனு கொடுக்கக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கைக்கு உச்ச வரம்பு 50,000 ரிங்கிட். மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ரசீது இல்லாவிட்டாலும், பொருத்தியவரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: இந்த ஷோடானைத் தடை செய்யச் சொல்லி யாரிடம் புகார் கொடுக்கலாம்? – வாசகர், கிள்ளான்

பதில்: கொடுத்துப் பயனில்லை. அதை மூடினாலும் அதே வேலையைச் செய்யும் சென்சிஸ் இருக்கிறது, ஸூம்ஐ இருக்கிறது, பெயரே இல்லாமல் தேடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். மூட வேண்டியது உங்கள் கருவியை.

கேள்வி: விலைக் கழிவில் 39 ரிங்கிட்டுக்கு ஆறு கேமரா வாங்கினேன். கடவுச்சொல் மாற்றுவது சிரமம் என்பதால் வந்தபடியே விட்டுவிட்டேன். கோலாலம்பூரில் இத்தனை லட்சம் வீடு இருக்க, என் வீட்டை யார் தேடிப் பிடிக்கப் போகிறார்கள்? நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். – வாசகர், செந்தூல்

பதில்: நீங்கள் இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் முன்பும் அனுப்பியிருக்கிறீர்கள், ஐயா. உங்கள் வீட்டை யாரும் தேட வேண்டியதில்லை. எல்லா வீடுகளையும் ஒன்றாகவே தேடுகிறார்கள். இப்போது பரவலாகப் புழங்கும் முகவரி முறையில் உலகம் முழுவதற்கும் இருப்பது ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். வேகமான இணைப்புள்ள ஒரே கணினியைக் கொண்டு, அவற்றில் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இலேயே செய்து காட்டிவிட்டார்கள். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உங்களைப் போல் வந்தபடியே விட்டவர்களின் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்தப் படை அக்டோபர் மாதம், தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்பிலிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. ஆறு கேமராவைச் சுவரில் மாட்ட நேரம் இருந்த உங்களுக்குக் கடவுச்சொல் மாற்ற நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரரின் கேமரா ஷோடானில் தெரிகிறது. தொழிற்சாலைக் கடவுச்சொல் போட்டுப் பார்த்துவிட்டு அவரை எச்சரிக்கலாமா? – கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்

பதில்: எச்சரியுங்கள், உள்ளே போகாதீர்கள். 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியின்றி நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்த ஓர் இளைஞர், எங்கள் முகவரி "ஹேக்கர் தேடுபொறியில்" இருப்பதாக ஒரு படத்தைக் காட்டி, ஆண்டுக்கு 600 ரிங்கிட் கட்டினால் நீக்கித் தருவதாகச் சொன்னார். ஓய்வூதியக்காரனான நான் பயந்து கட்டிவிட்டேன். – வாசகர், கோலாலம்பூர்

பதில்: பயமுறுத்திப் பிடுங்கிய பணம் அது, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு முகவரியை ஷோடானில் தேடிப் பார்க்கக் காசு வேண்டாம். உங்கள் பொது இணைய முகவரியைக் காட்டும் தளங்கள் பல இருக்கின்றன; அந்த எண்ணை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் போதும். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு இணைப்புகளில் முகவரி அவ்வப்போது மாறும். சில இணைப்புகளில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். ஷோடானின் பதிவும் சில நாள் பழையதாக இருக்கலாம். எனவே அவர் காட்டிய படம் உங்களுடையதாகவே இல்லாமல் இருக்கலாம். உண்மையில் உங்கள் கருவி தெரிந்தாலும், போர்ட்டை மூடுவதே வழி. மூடினால் பதிவு தானாக மறையும். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். தராவிட்டால் முதல் பதிலில் சொன்ன அதே 5 ரிங்கிட் மனு. அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் உங்கள் கதவோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

கேள்வி: அப்படியானால் எந்தக் கேமராவை வாங்கலாம்? லோயாட் பிளாசாவில் கடைக்குக் கடை வேறு வேறு சொல்கிறார்கள். – வாசகி, கெப்போங்

பதில்: பிராண்டு பெயரைச் சொல்ல மாட்டேன். பாதுகாப்பு மென்பொருளை எந்த ஆண்டு வரை தருவார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பிஸ்கட் பொட்டலத்தில் அச்சடிக்கும் காலாவதித் தேதியை, படுக்கையறைக்குள் வைக்கும் கேமராவின் பெட்டியில் அச்சடிக்காதது எனக்கு ஆறாத கோபம். இரண்டு ஆண்டு உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது மின்சுற்று கெட்டால் மாற்றித் தருவதற்கு. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தருவதற்கு அல்ல. குடும்பப் படங்களைச் சேமிக்க நான் வாங்கிய ஒரு வன்தட்டுப் பெட்டிக்கு, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே தயாரிப்பாளர் மென்பொருளை நிறுத்திவிட்டார். விளக்கு எரிகிறது, ஆனால் இணையத்தில் இணைக்க முடியாது. தள்ளுபடியில் வாங்கிய வாசல்மணிக் கேமராவின் செயலியோ, ஒரு நாள் கைப்பேசியின் செயலிக் கடையிலிருந்தே காணாமல் போனது. இரண்டும் இப்போது பொருள் அறையில் தூசியோடு கிடக்கின்றன.

சட்டத்தால் முடியாத காரியமும் அல்ல இது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் வைத்து விற்பது சட்டவிரோதம். பாதுகாப்பு மென்பொருள் எதுவரை கிடைக்கும் என்பதையும் விற்பவர் வெளியிட வேண்டும். சிங்கப்பூரில் 2020 அக்டோபர் முதல் நான்கு நிலைகள் கொண்ட இணையப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறது. முத்திரை பெற்ற மாடல்களின் பட்டியலை அவர்களின் இணையப் பாதுகாப்பு முகமை பொதுவில் வெளியிடுகிறது. அதே மாடல் இங்கும் விற்றால், அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டில் கருவியில் ஒட்டியிருக்கும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரையை வைத்துக் கடவுச்சொல்லும் பாதுகாப்பானது என்று முடிவு கட்டாதீர்கள். அது வேறு விஷயம்.

கேள்வி: கேமராவே இல்லை. பிரிண்டர் மட்டும் வைத்திருக்கிறேன். எனக்கு இந்தக் கவலை இல்லைதானே? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பிரிண்டரும் ஷோடானில் வரும். ரவுட்டரில் அதற்குப் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.