குத்துப்பாட்டும் வேண்டும், காலடிச் சத்தமும் கேட்க வேண்டும்

கேள்வி: திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். விடுதியில் லேப்டாப்பில் வாலரன்ட், போனில் பிஜிஎம்ஐ விளையாடுவேன். மற்ற நேரமெல்லாம் பாட்டுதான். குத்து, கானா, ஹிப்ஹாப் என்று பேஸ் தூக்கலாக இருப்பவை பிடிக்கும். இப்போது இருப்பது ஒரு புளூடூத் நெக்பேண்ட். பேஸ் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரிவதற்குள் செத்துவிடுகிறேன். 50 மில்லிமீட்டர் டிரைவரும் (உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்) 7.1 சரவுண்டும் (சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பதுபோல் காட்டுவது) உள்ள வயர்லெஸ் ஹெட்செட் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். பட்ஜெட் 5,000 ரூபாய். கண்ணாடி போடுகிறவன். எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் செத்துப்போவதில் பாதிப் பழி புளூடூத்துக்கு. சாதாரண புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மறுபடி விரிக்கப்பட்டு காதுக்கு வர 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகிவிடும். கால் நொடி. பாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சினிமா பார்க்கும்போதுகூட ஆப் படத்தைக் கொஞ்சம் தாமதித்து உதட்டசைவைச் சரிசெய்துவிடும். விளையாட்டில் அது முடியாது. கதவுக்குப் பின்னால் காலடி உங்களுக்குக் கேட்கும்போது அவன் கதவைத் தாண்டியிருப்பான்.

இதைவிட மோசமான ஒன்று, பலர் கவனிக்காதது, மைக். குழுவோடு பேச நெக்பேண்டின் மைக்கை இயக்கியதும் லேப்டாப்பில் ஒலியின் தரமே மாறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். புளூடூத் போன்கால் முறைக்குத் தாவிவிடுகிறது. ஸ்டீரியோ போய் ஒற்றைத் தடமாகிறது. 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி அடியோடு வெட்டப்படுகிறது. இடமா வலமா என்று தெரியாமல் போவது அதனால்தான். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைச் சரிசெய்ய வந்திருக்கிறது. ஆனால் லேப்டாப், ஹெட்செட் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். ஆகவே விளையாட்டுக்கு ஒயர். ஒயரே ஆகாது என்றால், லேப்டாப்பில் செருகுகிற தனி யூஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ். அதில் தாமதம் உறுத்தாது. ஆனால் 5,000 ரூபாய்க்குள் அதை வாங்கினால் பணத்தின் பெரும்பகுதி பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போய்விடும், ஸ்பீக்கருக்கு மிஞ்சுவது சொற்பம்.

மீதிப் பழி பேஸுக்கு. பேஸ் இருப்பது தப்பில்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மிருதங்கக் கச்சேரி தொடங்கும் முன் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் கனமாகி ஒலி ஆழத்துக்கு இறங்கும், ‘கும்கி’ என்கிற ரீங்கார அடியொலி கேட்கும். அளவு பிசகினால் தொப்பி கொழகொழவென்று ஒலித்து, வலந்தலையில் விரல் செய்யும் நுணுக்கமெல்லாம் அதற்குள் அமுங்கிப்போகும். மலிவான ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ கருவிகளில் நடப்பதும் இதுதான். வயிற்றில் உணர்கிற அந்த அதிர்வு 60 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் இருக்கிறது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். சிறிய, மலிவான ஸ்பீக்கரை அவ்வளவு கீழே ஒழுங்காக இறக்குவது கடினம். அதனால் 120 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தூக்கிவிடுகிறார்கள். கடையில் பத்து நொடி கேட்டால் ‘அடேங்கப்பா, என்ன பேஸ்’ என்று தோன்றும். ஒரு மணி நேரம் கேட்டால் காதை அடைக்கும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைப்பது நம் காதின் இயல்பு. மேலே உள்ளது கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. எனவே அந்த மேட்டுக்குள் பாடகர் குரலின் அடிப்பகுதியும் காலடியின் ‘தொப்’ என்ற சத்தமும் சேர்ந்தே புதைகின்றன.

நீங்கள் தேட வேண்டியது ஆழமான, இறுக்கமான பேஸ். டிரம் அடித்ததும் வந்து, அடி நின்றதும் நிற்கிற பேஸ். அது இருந்தால் குத்துப்பாட்டும் நன்றாக இருக்கும், எதிரியும் கேட்பான். பேஸ் பிரியர் என்று வெட்கப்படவும் வேண்டாம். ஹார்மன் நிறுவன ஆய்வாளர் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்துச் சோதித்தபோது, பெரும்பாலோர் விரும்பியதே பேஸ் சில டெசிபல் உயர்ந்த ஒலியைத்தான். சுமார் 15 விழுக்காட்டினர் அதற்கும் மேலே கேட்டார்கள். உங்களுக்குக் கூட்டாளிகள் நிறைய.

சரி, 7.1. உங்களுக்கு இருப்பது இரண்டு காது. ஒலி ஒரு காதை அடைந்து மறு காதை அடைய ஆகும் வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்டை ஒட்டி இருக்கும். அதையும், எந்தக் காதில் சத்தம் அதிகம் என்பதையும் வைத்து மூளை இடம் வலம் சொல்கிறது. முன்னா பின்னா என்பதைச் சொல்வது காது மடலின் மடிப்புகள். அவை சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைத் திசைக்குத் திசை வேறுவிதமாக மாற்றுகின்றன. இந்தக் கணக்கை விளையாட்டே போட்டுத் தந்துவிடும். வாலரன்டின் ஆடியோ அமைப்பில் ஹெச்ஆர்டிஎஃப் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இதற்குத்தான். அதை இயக்குங்கள், ஹெட்செட்டின் 7.1ஐ அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சாம்பாருக்கு இரண்டு பேர் உப்புப் போட்ட கதை. பெட்டியில் அச்சிட்ட 7.1 பெரும்பாலும் வெறும் மென்பொருள்தான்.

என் அக்கா மகனுக்காக அப்படி ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம். விளக்கெல்லாம் மினுக்கியது. ஆனால் யாராவது நேர் எதிரே பேசினாலும் குரல் இடப்பக்கம் ஒதுங்கியே வந்தது. திறந்து பார்த்தால் காதுக்கு ஒரே ஒரு சாதாரண டிரைவர். வலப்பக்கத்தில் ஒட்டியிருந்த ஃபெல்ட் துண்டு இடப்பக்கத்தில் இல்லவே இல்லை. இடமும் வலமும் ஒரே மாதிரி ஒலிக்காவிட்டால் எந்தச் சரவுண்டும் உதவாது. கடையில் இதைச் சோதிப்பது சுலபம்: ஒருவர் மட்டும் பேசுகிற செய்தியைப் போட்டுக் கேளுங்கள். குரல் மண்டைக்கு நடுவில் நிற்க வேண்டும்.

50 மில்லிமீட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அளவு பெரிதானால் பேஸ் நல்லது என்று ஆகாது. 10 மில்லிமீட்டர் டிரைவர் கொண்ட இன்-இயர் காதுக்குழாயை அடைத்து உட்கார்ந்தால், 50 மில்லிமீட்டர் ஹெட்செட்டைவிட ஆழமாக இறங்கும். ‘10 – 40,000 ஹெர்ட்ஸ்’ என்று அட்டையில் போட்டிருப்பதையும் பொருட்படுத்தாதீர்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

பேஸைத் தீர்மானிப்பது அடைப்புதான். ஸ்பீக்கருக்கும் செவிப்பறைக்கும் நடுவே உள்ள காற்று வெளியே கசிந்தால் முதலில் போவது தாழ்ந்த ஒலி. உங்கள் விஷயத்தில் கசிவுக்குக் காரணம் மூக்கின் மேலேயே இருக்கிறது. கண்ணாடியின் காம்பு குஷனுக்கும் தலைக்கும் நடுவே போய்ச் சந்து விடும். 60 ஹெர்ட்ஸ் அடி உள்ள ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால் கசிகிறது என்று பொருள். ஹெட்ஃபோனே வாங்குவதானால் மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் தடித்த மென்மையான குஷனும் ஓரளவு காப்பாற்றும். துணிக் குஷன் வியர்வைக்கு நல்லது, ஆனால் பேஸைக் கொஞ்சம் கசியவிடும். ரெக்சின் குஷன் அடைக்கும். நம் ஊர் வியர்வையில் ஓரிரு வருடத்தில் செதில் செதிலாக உரிந்து கழுத்தெல்லாம் ஒட்டும். தனியாகக் குஷன் கிடைக்கிற மாடலாகப் பார்ப்பது அதனால்தான்.

பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன்களில் திசை உணர்வு அபாரமாக இருக்கும். ஆனால் அடி ஆழம் பெரும்பாலும் குறையும். மேலே ஃபேன் ஓடுகிற, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற விடுதி அறையில் அதை வைத்து என்ன செய்வது? வேண்டாம்.

இப்போது முடிவு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2,000 ரூபாயை ஒட்டி ஒரு ஒயர் இன்-இயர் வாங்குவேன். கண்ணாடிப் பிரச்சினை இல்லை, வியர்வை இல்லை, ஃபேன் சத்தம் அடங்கும், பேஸ் ஆழமாக இறங்கும். இந்த விலையில் சீன நிறுவனங்கள் பத்து வருடத்துக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாத தரத்தில் தருகின்றன. பேஸ் விரும்பிகளுக்கு ‘7ஹெர்ட்ஸ்’ என்ற நிறுவனத்தின் ‘ஜீரோ 2’ ஒரு நல்ல உதாரணம். மைக் உள்ள கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். கூட வரும் ரப்பர் முனைகளில் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். பெட்டியில் மாட்டி வருவதையே அப்படியே போட்டுக்கொண்டு ‘பேஸே இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். ஒரு காதுக்கு நடுத்தரம், இன்னொன்றுக்குப் பெரியது என்று அமைந்தாலும் அமையும்.

உங்கள் போனில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை இல்லாவிட்டால் யூஎஸ்பி-சியில் செருகி அந்த ஓட்டையைத் தரும் ஒரு டாங்கிள் போதும்.

காதுக்குள் எதையும் செருகப் பிடிக்காதவர் என்றால், மூடிய பின்பக்கமுள்ள ஒயர் கேமிங் ஹெட்செட். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 அந்த வகையில் நம்பகமானது, குஷன் மாற்றலாம், மைக்கைக் கழற்றலாம். ஆனால் பட்ஜெட்டைத் தாண்டலாம், தள்ளுபடிக்குக் காத்திருங்கள். பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோவை நண்பர்கள் சொல்லக்கூடும். பேஸ் அருமை, விலை உங்களுக்கு எட்டாது. வேலைக்குப் போன பிறகு வாங்கினாலும் 250 ஓம் வகையை (மின்தடை அதிகம், போனின் சக்தி போதாது) போனில் செருகாதீர்கள், சத்தம் ஈனஸ்வரத்தில் வரும்.

அப்புறம், ஒரே கருவியை இரண்டு வேலைக்கும் பழக்குவது, ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரின் வேலை. விண்டோஸில் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ இலவசம். பாட்டுக்கு ஓர் அமைப்பு: 105 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள ஒலி முழுவதையும் சேர்த்துத் தூக்குவது), 4 டெசிபல் கூட்டல். கூடவே ப்ரீஆம்பை, அதாவது மொத்த ஒலி அளவை, 4 டெசிபல் குறையுங்கள், இல்லையேல் ஒலி கரகரக்கும். விளையாட்டுக்கு இன்னொன்று: அந்த ஷெல்ஃபை எடுத்துவிட்டு, 200 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் கழித்தல். அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் பாட்டுக்கு வேவ்லெட் ஆப் இருக்கிறது.

சத்த அளவு குறித்து ஒன்று. ஒலியைக் குறைத்தால் காது முதலில் இழப்பது பேஸைத்தான். அதனால்தான் பேஸ் பிரியர்களின் கை வால்யூமை நோக்கியே போகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலுக்கு வெறும் 4 மணி நேரம். நல்ல அடைப்பும் கொஞ்சம் ஷெல்ஃபும் இருந்தால் பாதி வால்யூமிலேயே வயிறு அதிரும்.

நெக்பேண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பஸ் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே பாட்டுக் கேட்க அந்த 200 ஹெர்ட்ஸ் மேடு உதவும்.