புறாத்தீவில் முருகைக்கற்களைப் (பவளப்பாறைகளைப்) பார்க்க எப்போது செல்லலாம்? அங்குள்ள சுறாக்கள் ஆபத்தானவையா?

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவு, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்கள் பாறைகளில் கூடுகட்டுவதால் இப்பெயர் வந்தது. மே முதல் செப்டெம்பர் வரை செல்வதே நல்லது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இக்கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கிவிடும்.

ஆழமற்ற நீரில் உலாவும் கருமுனைச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிச் செல்பவை. அவற்றைத் துரத்தாமலும், உணவு காட்டி அழைக்காமலும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

உண்மையில் அஞ்சவேண்டியது நம் கால்களைப் பற்றித்தான். முருகைக்கல் வெறுங்கல்லன்று, எண்ணற்ற நுண்ணிய உயிரிகள் சுண்ணாம்பைச் சுரந்து பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பும் குடியிருப்பு. களைப்பாற ஒருவர் அதன்மேல் ஒருமுறை ஏறி நின்றாலே, அவ்வளவு காலத்து வளர்ச்சி நொறுங்கிவிடுகிறது. அதனோடு அங்கு ஒதுங்கும் மீன்களும் புகலிடத்தை இழக்கின்றன. எனவே நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்து மிதந்தபடியே பார்ப்பது நன்று. சூரியத்தடுப்புக் களிம்புக்குப் பதிலாக நீண்ட கைச்சட்டை அணியுங்கள். சில களிம்புகளிலுள்ள இரசாயனங்கள் முருகை உயிரிகளைப் பாதிக்கின்றன. கடலாமையைக் கண்டால் தொடாதீர்கள். அது மூச்சுவிட மேலே வரும் வழியை மறிக்கவும் கூடாது. கரையில் ஒதுங்கிய முருகைத் துண்டுகளையும் அங்கேயே விட்டுவிடுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்ல அனுமதியில்லை.