சைலன்சர் மாத்தினா மேப்பும் மாத்தணுமா? பைக் எஃப்ஐ டியூனிங் கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன். எஃப்ஐன்னா ஃப்யூல் இன்ஜெக்ஷன். எவ்வளவு பெட்ரோல் பீச்சணும்னு வண்டியோட கம்ப்யூட்டர் (ஈசியூ) பாக்குற டேபிள்தான் மேப், அதைத் திருத்துறதுதான் ரீமேப். பெட்ரோலும் காத்தும் சேர்ற கலவை அளவு எல்லாத்தையும் லாம்டாவுலதான் சொல்றேன்: 1.00க்கு மேல லீன் (பெட்ரோல் கம்மி), கீழ ரிச் (பெட்ரோல் அதிகம்). ஏன்னு இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) கேள்வியில இருக்கு.

கேள்வி (இன்டர்செப்டார் 650, மதுரை): ஸ்லிப்-ஆன் சைலன்சர் போட்டதுலேர்ந்து ஆக்சிலரேட்டரை விட்டா பட் பட்னு வெடிக்குது அண்ணே. லீன் ஆயிடுச்சு, ரீமேப் பண்ணுன்னு மெக்கானிக் சொல்றார். பண்ணட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். ஓடுற வண்டியில ஆக்சிலரேட்டரை முழுசா விட்டா ஈசியூ இன்ஜெக்டரையே நிறுத்திடும். மேப்ல அந்த இடத்துல 10 சதவீதம் கூட்டினா, பூஜ்யத்தோட 10 சதவீதம்தான் கூடும். வெடிக்கிறது பெரும்பாலும் ஜாயின்ட் வழியா உள்ள போற காத்தால. இன்டேக் சுவத்துல ஒட்டியிருந்த மிச்ச பெட்ரோல் எரியாம வந்து, சூடான பைப்புக்குள்ள அந்தக் காத்தோட சேர்ந்து பத்திக்குது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தா அங்கேர்ந்து ஆரம்பிங்க. இன்ஜின் நல்லா ஆறினதும் சைலன்சர் வாயில ப்ளோயரை மெதுவா ஊதவிட்டு, ஜாயின்ட்ல எல்லாம் சோப்புத் தண்ணி தடவுங்க. நுரை பொங்குற இடம்தான் லீக்.

அந்த லீக் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி இருந்தா இன்னொரு தொல்லையும் சேரும். உள்ள வந்த வெளிக்காத்தைப் பாத்து சென்சார் லீன்னு சொல்லும், ஈசியூ வீணா பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். ஸ்லிப்-ஆன் மட்டும் மாத்தினதுக்கு மேப் அவசியமில்ல. ஹெடரையும் (இன்ஜின்லேர்ந்து வர்ற முன் பைப்) மாத்தி, ஏர்பாக்ஸையும் (ஏர் ஃபில்டர் பெட்டி) திறந்துவிட்டா அப்ப பேசலாம்.

கேள்வி (டியூக் 390, கோவை): ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டிட்டு ரெசிஸ்டர் வெச்சா பவர் கூடும்னு கடையில சொல்றாங்களே ப்ரோ?

பவர் கூடாது. ரெசிஸ்டர் சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட்டை மட்டும்தான் ஏமாத்தும். கம்பெனி போட்டு வர்ற நேரோபேண்ட் (லீனா ரிச்சான்னு மட்டும் சொல்ற) சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஊசலாடணும். 0.45க்கு மேல போனா ரிச், கீழ வந்தா லீன். ஊசலாட்டம் நின்னா ஈசியூ எரரைப் போட்டுட்டு, கையிருப்பு மேப்ல ஓட்டும். ஃபுல் த்ராட்டில்ல ஈசியூ பொதுவா இந்த சென்சாரைக் கேக்கவே கேக்காது. அப்புறம் அதைக் கழட்டி என்ன பவர் வரும்? ஏர் டெம்ப்ரேச்சர் சென்சார் ஒயர்ல சொருகுற 'பவர் சிப்'பும் இதே சரக்குதான். காத்து குளிரா இருக்குன்னு பொய் சொல்லி கொஞ்சம் பெட்ரோல் ஏத்தும். சீரா போற வேகத்துல ஆக்சிஜன் சென்சார் அதையும் திருப்பி வாங்கிடும்.

கேள்வி: 2021 மாடல் வண்டி. பங்க்ல இ20 மட்டும்தான் கிடைக்குது. ஏஎஃப்ஆர் (காத்து-பெட்ரோல் எடை விகிதம்) 14.7க்கு டியூன் பண்ணா சரியா?

14.7 சுத்த பெட்ரோலோட கணக்கு. இ10க்கு அது சுமார் 14.1, இ20க்கு சுமார் 13.5. லாம்டாவுல பாத்தா எந்தப் பெட்ரோலா இருந்தாலும் 1.00தான் நடு. அதனாலதான் மீட்டரை லாம்டாவுக்கு மாத்திக்கச் சொல்றேன்.

இ10க்கு அமைச்ச வண்டியில இ20 ஊத்தினா சுமார் 4 சதவீதம் லீன் ஆகும். சீரா ஓட்டும்போது ஈசியூ தானே சரிபண்ணிக்கும். ஃபுல் த்ராட்டில்ல அந்த 4 சதவீதத்தைக் கேக்க ஆள் இல்ல, அங்க மட்டும் மேப்ல கூட்டலாம். ரோட்டுக்கு என் இலக்கு: சீரான ஓட்டத்துல 1.00, ஃபுல் த்ராட்டில்ல 0.87லேர்ந்து 0.88. ஏர்கூல்ட் இன்ஜினை 0.86ல வைங்க, கொஞ்சம் சூடு குறையும்.

கேள்வி: லாம்டாவை எண்ணா அளக்கிற வைட்பேண்ட் சென்சார் வாங்கிட்டேன், எல்எஸ்யூ 4.9 மாடல். எங்க பொருத்தணும்?

ஹெடர் பைப்ல, சைலன்சருக்கு நல்லா முன்னாடி. சைலன்சர் வாய்க்குப் பக்கத்துல வெச்சா ஐடில்ல வெளிக்காத்து பின்னோக்கி வந்து, இல்லாத லீனைக் காட்டும். 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் மரை உள்ள புஷ் வெல்ட் பண்ணணும். சென்சாரோட வால் கிடைமட்டத்துலேர்ந்து 10 டிகிரியாவது மேல தூக்கி இருக்கணும். பைப்ல கோக்குற தண்ணி சூடான செராமிக் மேல பட்டா அது விரிசல் விட்டுடும்.

சென்சாரை இயக்குற கன்ட்ரோலருக்கு கரன்ட் கொடுக்காம சென்சாரை மட்டும் பைப்ல விட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க. ஹீட்டர் இல்லாம கரி படிஞ்சு வீணாப் போயிடும். டியூனிங் முடிஞ்சா கழட்டிட்டு போல்ட் போட்டு அடைச்சிடுங்க. செகண்டரி ஏர் வால்வு (எக்ஸாஸ்ட்டுக்குள்ள வெளிக்காத்தை விடுற வால்வு) உள்ள வண்டியில, அளக்கும்போது அந்த ஹோஸை மூடணும். இல்லாட்டி நீங்க அளக்கிறது இன்ஜினை இல்ல, அந்தக் காத்தை.

கேள்வி (பல பேர்): பிக்கிபேக் பெட்டி (ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல மாட்டி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது) வாங்கியாச்சு. டேபிளை எப்படி நிரப்புறது?

முதல்ல எல்லாக் கட்டத்தையும் பூஜ்யமாக்குங்க. நெட்ல கிடைச்ச மேப்பை ஏத்திட்டு அதுக்கு மேல திருத்தினா, எது யாரோட தப்புன்னு தெரியாது. ஆக்சிஜன் சென்சார் ஆளும் பகுதியை, பொதுவா சின்ன த்ராட்டில், நடு ஆர்பிஎம் வரைக்கும், பூஜ்யமாவே விடுங்க. அங்க நீங்க கூட்டுவீங்க, ஈசியூ குறைக்கும். நூறு கிலோமீட்டர்ல அதோட லாங் டேர்ம் ட்ரிம் (ஈசியூ கத்துக்கிட்டு சேமிச்சு வெக்கிற திருத்தம்) உங்களை ஜெயிச்சிடும்.

இன்ஜின் முழுசா சூடானதும் ஒரே கியர்ல, ஒரே த்ராட்டில்ல, ஆர்பிஎம் அசையாம 3 செகண்டாவது பிடிச்சு லாக் (அளவுப் பதிவு) எடுங்க. ரோட்டுல இதைப் பண்ண முடியாது. டைனோ (வண்டியை உருளை மேல ஓட்டி அளக்கிற மெஷின்), இல்லன்னா மூடின ட்ராக். த்ராட்டிலைத் திறந்த அந்த நொடியில வர்ற எண்ணை அழிச்சிடுங்க. எக்ஸாஸ்ட் புகை சென்சார்கிட்ட வந்து சேரவே நேரமாகும், அந்த எண் முந்தின கட்டத்தோடது.

கணக்கு இதுதான்: அளந்த லாம்டாவை இலக்கால வகுத்து, ஒண்ணைக் கழிக்கணும். 60 சதவீத த்ராட்டில், 5000 ஆர்பிஎம்ல 0.94 காட்டுது, இலக்கு 0.88ன்னா, 0.94 ÷ 0.88 = 1.068. அந்தக் கட்டத்துல 6.8 சதவீதம் கூட்டணும்.

ஆனா அதை அப்படியே போட்டா சில இடத்துல ரிச் ஆயிடும். இன்ஜெக்டர் திறக்கவே சுமார் 1 மில்லிசெகண்ட் எடுக்கும், அதுல பெட்ரோல் வராது. 3 மில்லிசெகண்ட் பல்ஸ்ல நிஜமா பாய்றது 2தான். பெட்டி மொத்தப் பல்ஸையும் 10 சதவீதம் நீட்டினா 0.3 கூடி, பாய்றது 2.3 ஆகும். கேட்டது 10, கிடைச்சது 15! பல்ஸ் சின்னதா இருக்கிற கீழ்க்கட்டங்கள்ல இது இன்னும் மோசம். அதனால கீழ்க்கட்டங்கள்ல, கணக்குல வந்ததுல பாதியைப் போட்டு மறுபடி அளங்க. பல்ஸ் நீளமான மேல்கட்டங்கள்ல முக்கால்வாசி போடலாம். பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவுல 4, 5 சதவீதத்துக்கு மேல குதிச்சா, அது இன்ஜினோட குணமா இருக்காது, லாக்ல ஏதோ தப்பு.

இக்னிஷன் டைமிங்கை இதோட சேத்துத் தொடாதீங்க. முதல்ல கலவை முடியட்டும்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் 220 சிசி பைக்குக்கு ஸ்பீடுயினோ (நாமளே அமைச்சுக்கிற ஈசியூ) போட்டு எஃப்ஐ ஆக்கலாமா அண்ணா? 20 பிஎச்பி சொச்சம்.

ஆக்கலாம். சாஃப்ட்வேர் சுலபம், சிக்கல் எல்லாம் இரும்புல. இன்ஜெக்டர் அளவு பாருங்க: ஒரு பிஎச்பிக்கு மணிக்கு 250 கிராம்னு வெச்சா 20க்கு 5 கிலோ. அது நிமிஷத்துக்கு சுமார் 113 மில்லி. 80 சதவீத டூட்டியில (இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரப் பங்கு) நிறுத்த 141, இ20க்கும் சேத்து 150. கார் இன்ஜெக்டர் 300ஐப் போட்டா ஐடில் பிடிக்கவே விடாது. ஓம் பாத்து வாங்குங்க, 12 ஓம் பக்கம் இருக்கணும்.

க்ராங்க் சுத்துறதைச் சொல்ற பழைய பல்சர் (பிக்கப்) காயில் ஒரு சுத்துக்கு ஒரு சிக்னல்தான் கொடுக்கும். மேக்னட்ல 12-1 பல் சக்கரம் (12 பல்லுல ஒண்ணு இல்லாதது) பொருத்துங்க. ஒத்தை சிலிண்டர்ல மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளக்கிறது, மேப் டேபிள் இல்ல) காட்டுற அழுத்தம் ஒவ்வொரு சைக்கிள்லயும் எகிறி விழும், அதனால ஒரு சைக்கிளோட மினிமத்தை எடுக்கிற செட்டிங்ல வைங்க. அப்புறம், பம்பும் ஈசியூவும் சேந்து 4, 5 ஆம்பியர் குடிக்கும். சார்ஜிங் அதைத் தாங்குதான்னு முதல்லயே அளந்துக்கங்க.

கேள்வி: த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணதுலேர்ந்து ஐடில் ஏறி இறங்குது.

மேப்பைத் தொடாதீங்க. கழட்டி மாட்டும்போது இன்டேக் ரப்பர் கிழிஞ்சிருக்கும், இல்ல க்ளாம்ப் சரியா உக்காரல. அது சரியா இருந்தா டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்) வோல்ட்டை மூடின நிலையில சர்வீஸ் மேனுவல் எண்ணோட ஒப்பிடுங்க. மெதுவா திறக்கும்போது வோல்ட் எங்கயும் குதிக்காம ஏறணும்.

கேள்வி: 6000 ஆர்பிஎம்முக்கு மேல மேப்ல எவ்வளவு கூட்டினாலும் லாம்டா 0.95லேயே நிக்குது சார்.

அப்ப குறை பெரும்பாலும் பம்ப் பக்கம் இருக்கு. நிறைய வண்டியில அழுத்தம் 3 பார். அடைச்ச ஃபில்டரால அது 2.4க்கு இறங்கினா, அதே பல்ஸ்ல 10 சதவீதத்துக்கு மேல பெட்ரோல் குறையும், ஏன்னா பாயும் அளவு அழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. டி-ஜாயின்ட்ல கேஜ் மாட்டி ஐடில்ல பாத்தா நல்லாத்தான் காட்டும். டைனோவுல ஏத்தி, லோட்ல பாருங்க. லைனைக் கழட்டுறதுக்கு முன்னாடி பம்ப் கப்ளரை உருவிட்டு, நிறுத்தின இடத்துலயே இன்ஜின் தானா அணையற வரைக்கும் ஓடவிடுங்க. இல்லாட்டி சூடான இன்ஜின் மேல பீச்சி அடிக்கும்.