பழைய யுரேனியம் குளோரைடு பாட்டிலை என்ன செய்வது?

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தின் இருப்பு அறையை ஒழுங்குபடுத்தும்போது 'யுரேனியம் டெட்ராகுளோரைடு' என்று லேபிள் ஒட்டிய பழைய கண்ணாடிப் பாட்டில் கிடைத்தது. உள்ளே கரும்பச்சைப் பொடி. மூடியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது. மாணவர்களுக்கு இதை வைத்துச் செய்முறை ஏதாவது காட்டலாமா, இல்லை பக்கத்தில் போவதே ஆபத்தா? இந்த உப்பை எதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்?

பதில்: முதலில், மூடியைத் திறக்காதீர்கள். யுரேனியம் என்றதும் எல்லோரும் கதிர்வீச்சை நினைத்துப் பின்வாங்குவார்கள். இந்தப் பாட்டிலைப் பொறுத்தவரை நான் முதலில் பயப்படுவது தண்ணீருக்கு.

ஒரு யுரேனியத்துக்கு நான்கு குளோரின் என்பதுதான் இந்த உப்பின் கட்டமைப்பு. யுரேனியத்துக்குக் குளோரினைவிட ஆக்சிஜன்மேல் பிடிப்பு அதிகம். காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், அதை இழுத்துக்கொண்டு, குளோரினை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே தள்ளிவிடும். ஒருமுறை கிளவ் பாக்ஸுக்கு (ஈரம் புகாத, கையுறை பதித்த மூடிய பெட்டி) வெளியே ஒரு சிட்டிகைப் பொடியை வாட்ச் கிளாஸில் வைத்துவிட்டு, எடையைக் குறித்துக்கொள்ளத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது பொடி பொடியாக இல்லை, நசநசத்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. மூக்கில் அமில நெடி. நான் குறித்த எடைக்கும் அர்த்தமில்லாமல் போனது. பல வருடம் மூடியே கிடக்கும் பாட்டிலுக்குள் இந்த அமில வாயு சேர்ந்திருக்கலாம். திறந்தால் அதோடு நுண்தூளும் கிளம்பும்.

அந்த மஞ்சள் படிவும் இதே கதையின் அடுத்த கட்டம்தான். பச்சை என்றால் யுரேனியம் +4 நிலையில், அதாவது நான்கு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்து அதை மெதுவாக +6 நிலைக்குக் கொண்டுபோகும். அப்போது யுரேனியத்தின் இரு பக்கமும் ஓர் ஆக்சிஜன் நேர்கோட்டில் இறுகிக்கொள்ளும். இதுதான் யுரேனைல், இதன் நிறம் மஞ்சள். ஆக, உங்கள் மூடி சரியாக இறுகவில்லை, பொருள் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதை வெறுங்கையால் தொடவோ, உலர்ந்த துணியால் துடைக்கவோ வேண்டாம்.

சரி, கதிர்வீச்சு? இயற்கை யுரேனியத்தில் பெரும்பகுதியான யுரேனியம்-238இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) சுமார் 447 கோடி ஆண்டுகள், அவ்வளவு நிதானமாகத்தான் சிதைகிறது. அது விடும் ஆல்ஃபா துகள் ஒரு காகிதத்தையே தாண்டாது, கண்ணாடியை எங்கே தாண்டப்போகிறது? ஆனாலும் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால் படபடவென்று சத்தம் போடும். காரணம், சிதைவில் பிறக்கும் புரோட்டாக்டினியம்-234 விடும் வலுவான பீட்டா கதிர். சில அடி தள்ளி நின்றாலே இது பெரிதும் குறைந்துவிடும். சிலர் ரேடான் வாயு வருமா என்று கேட்பார்கள். பிரித்துச் சுத்திகரித்த யுரேனியத்தில் அந்தச் சங்கிலி யுரேனியம்-234இலேயே கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ரேடானைத் தரும் ரேடியம் வரைக்கும் போக மனித ஆயுள் போதாது, அதனால் அந்தக் கவலை வேண்டாம். உண்மையான ஆபத்து, தூள் மூச்சிலோ வாயிலோ போவது. யுரேனியம் ஒரு கன உலோகம், ரத்தத்தில் கலந்தால் முதலில் அடிவாங்குவது சிறுநீரகம்.

அதனால் செய்முறை வேண்டாம். கையுறை போட்டு, பாட்டிலை அசைக்காமல் நிமிர்த்தியே எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள். அப்புறம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கோ, உங்கள் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்புக்கோ தகவல் சொல்லுங்கள். யுரேனியம் கணக்கு வைக்கப்படும் பொருள், சிங்க்கில் ஊற்றியோ குப்பையில் போட்டோ முடித்துவிட முடியாது.

பயனுக்கு வருவோம். இந்த உப்பு இல்லாமல் யுரேனியம் எது என்பதே தெரிந்திருக்காது என்பேன். 1789இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் புதிய உலோகம் என்று அறிவித்தது ஒரு கரும்பொடியை. 1841இல் பிரான்சின் வேதியியலாளர் பெலிகோ அதிலிருந்து இந்தக் குளோரைடைத் தயாரித்துப் பகுத்துப் பார்த்தார். 'யுரேனிய'த்தையும் குளோரினையும் கூட்டினால் 100க்குச் சுமார் 110 வந்தது! கூடுதலாக வந்தது ஆக்சிஜன், அதுவும் பகுப்பாய்வில் சேர்த்த தண்ணீரிலிருந்து வந்தது. கிளாப்ரோத்தின் 'உலோகம்' வெறும் ஆக்சைடு என்பது அப்போதுதான் அம்பலமானது. பிறகு பெலிகோ இதே குளோரைடைப் பொட்டாசியத்தோடு சூடாக்கி அசல் உலோகத்தை எடுத்தார். உங்கள் மூடியில் நடக்கும் வினைதான் அவருக்குத் துப்புக் கொடுத்தது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் டன் கணக்கில் இதைப் பயன்படுத்தினார்கள். உப்பைச் சூடாக்கி ஆவியாக்கி, மின்வில்லால் அயனியாக்கி, பெரிய காந்தப்புலத்தில் வளையவிட்டால், அணுகுண்டுக்கு வேண்டிய, இலேசான யுரேனியம்-235 சற்றுக் குறுகிய வளைவில் போகும். அந்தக் கருவிக்குப் பெயர் கலூட்ரான். காந்தச் சுருளுக்குச் செம்பு கிடைக்காமல், அரசுக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுற்றினார்கள். ஹிரோஷிமா குண்டின் யுரேனியம் கடைசிக் கட்டத்தில் இந்த வழியில் பிரித்ததுதான். இன்று செறிவூட்டலில் (யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டுவதில்) குளோரைடுக்கு வேலையில்லை. எளிதில் வாயுவாகும் யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

இப்போது டெட்ராகுளோரைடு ஆய்வகத்தில் மற்ற யுரேனியம் சேர்மங்களுக்கான தொடக்கப் பொருள். 1968இல் யுரேனோசீன் பிறந்ததும் இதிலிருந்துதான். இரண்டு எட்டுக்கார்பன் வளையங்களுக்கு நடுவே ஒரு யுரேனியம் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு அது. இதன் தம்பியான டிரைகுளோரைடை, சாதாரண உப்போடு கலந்து சுமார் 520 டிகிரியில் உருக்கி உலை எரிபொருளாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அங்கேயும் முதல் எதிரி ஈரம்தான், உள்ளே புகுந்தால் யுரேனியம் ஆக்சைடாகி அடியில் தங்கிவிடும். இன்னொரு தலைவலி குளோரினே: இயற்கைக் குளோரினில் முக்கால் பங்கான குளோரின்-35, நியூட்ரானை விழுங்கி, 3 லட்சம் ஆண்டு அரை ஆயுள் கொண்ட குளோரின்-36 ஆகிவிடும். அதனால்தான் குளோரின்-37ஐத் தனியே பிரித்துப் பயன்படுத்த யோசிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, தகவல் சொல்லும்போது எவ்வளவு யுரேனியம் என்று கேட்பார்கள். அதற்காகத் திறந்து எடை போட வேண்டாம். உப்பின் எடையில் சுமார் 63 சதவீதம் யுரேனியம், அதனால் லேபிளில் உள்ள உப்பின் எடையை 0.63ஆல் பெருக்கிச் சொன்னால் போதும். லேபிளில் 'குறைவூட்டிய யுரேனியம்' (யுரேனியம்-235இன் பங்கு குறைக்கப்பட்டது) என்று எழுதியிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.