ஒரே பீரை மீண்டும் காய்ச்சுதல் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நானும் நண்பரும் ஆறு ஆண்டுகளாகச் சிறிய கிராஃப்ட் பீர் ஆலை ஒன்றை நடத்துகிறோம். எங்கள் அடையாளம் ஒரு கறுப்பு லாகர், குளிரில் மெல்ல நொதித்துப் பல வாரம் கிடந்து முதிரும் பீர். இப்போது வருபவர்கள் ஹேஸி ஐபிஏ என்னும் கலங்கலான, மணம் மிகுந்த பீரைக் கேட்கிறார்கள். லாகர் தொட்டியில் கிடக்கும் ஆறு வாரத்தில் இரண்டு ஈடு ஐபிஏ விற்றுவிடலாம், லேபிளையும் மாற்றிவிடலாம் என்கிறார் நண்பர். அடையாளத்தை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். காலத்தோடு மாறுவதா, அடையாளத்தைக் காப்பதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

சில நாட்களாக சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் என்ற பழைய பீர் ஆலையை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது. லேபிளைப் பற்றிய கவலையை விடுங்கள். ஆங்கர் 2021-இல் லேபிள்களை மாற்றியபோது பழைய அன்பர்கள் வருந்தினார்கள், 2023-இல் ஆலையே மூடப்பட்டது. ஆயினும் லேபிளால் மூடப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னை வருத்தியது வேறு. அடையாளம் என்ற சொல்லை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லாகர் எப்படிச் சுவைக்கும் என்று ஒரு வரி இல்லை. அதை எத்தனை முறை காய்ச்சினீர்கள், முதல் ஈட்டுக்கும் சென்ற மாதத்து ஈட்டுக்கும் என்ன வேறுபாடு என்றும் இல்லை. ஆறு ஆண்டு உழைத்தவர் இப்படி எழுதலாமா?

இளவயதில் ஒரு சிறிய ஆலையில் எட்டு மாதம் தொட்டி கழுவினேன். அங்கே பீர் காய்ச்சிய முதியவர், புதிய அறுவடையின் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, மூட்டையில் வந்ததும் ஒரு பிடி எடுத்து மென்று பார்ப்பார். நூறு முறை செய்த பீரில் இன்னும் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு நன்றாகத் திட்டு வாங்கினேன். பார்லியின் புரதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஒரே ஈஸ்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அதன் குணம் திரியும், மால்ட்டை ஊறவைக்கும் நீரின் சூட்டில் இரண்டு பாகை கூடினாலே பீரின் கனம் வேறாகும். ஆகவே குடிப்பவருக்கு அதே பீர் கிடைக்க வேண்டுமென்றால் காய்ச்சுபவர் ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றியாக வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். பின்னர் அந்த ஆலை வாரம் ஒரு புதுப் பீர் என்று இறங்கியது. அவர் விலகினார். ஆண்டுகள் கழித்துச் சென்றபோது பலகையில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. எதையும் இரண்டாம் முறை காய்ச்சியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது.

அந்த முதியவரைப் போல ஒரே பீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சித்தான் ஆங்கரும் எழுந்தது. ஃபிரிட்ஸ் மேட்டாக் 1965-இல் அதை வாங்கியபோது பீர் அடிக்கடி புளித்துப்போகும். லாகர் ஈஸ்டைக் குளிரில் வைக்காமல், ஆழமில்லாத திறந்த தொட்டிகளில் சற்று வெதுவெதுப்பாக நொதிக்கவிடும் ஸ்டீம் பீர் அது. அந்த ஒரு பீரோடு ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 1971-இல் அவர் அதைப் புட்டியில் அடைத்தார்.

நண்பர் கேட்கும் ஹேஸி ஐபிஏவையும் நான் இகழவில்லை. அதன் ஊற்றுக்கண்களில் ஒன்றான அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஹெடி டாப்பர் என்ற பீரை ஜான் கிம்மிக் 2003-இல் தொடங்கிய தன் சிறு மதுவிடுதியில் காய்ச்சிவந்தார். 2011-இல் வெள்ளம் விடுதியை அழித்தது. சில நாட்களில் திறந்த புதிய ஆலையில் நெடுங்காலம் ஏறக்குறைய அந்த ஒரே பீரைத்தான் காய்ச்சினார். மோகத்தின் மூலமே ஒரு மனிதரின் பிடிவாதம். மற்றவர்கள் அதிலிருந்து கலங்கலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் அதே சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, எல்லோரும் பாய்ந்து காய்ச்சி, சில ஆண்டுகளில் ஏறக்குறைய மறைந்த, இனிப்பே இல்லாத ப்ரூட் ஐபிஏவையும் நண்பருக்கு நினைவூட்டுங்கள்.

ஒரு தொட்டியில் ஐபிஏ காய்ச்சுங்கள், ஆனால் அதையே ஐம்பது முறை காய்ச்சும் எண்ணத்தோடு. லாகரின் ஆறு வாரத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்காதீர்கள். அடுத்த கடிதத்தில் அது எப்படிச் சுவைக்கிறது என்று எழுதுங்கள்.