நித்தியகல்யாணி: இரு வேளைத் தண்ணீர் வேண்டாம்

கேள்வி: வீட்டு முற்றத்தில் எட்டு நித்தியகல்யாணிச் செடிகளை வைத்துக் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றி வந்தேன். ஐப்பசி மழைக்குப் பின் ஐந்து செடிகள் நுனியிலிருந்து கருகிப் பட்டுப்போயின. வேலியோரம் தானாக முளைத்த செடி மட்டும் இன்றும் பூக்கிறது. எங்கே தவறு நேர்ந்தது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இரு வேளையும் ஊற்றிய தண்ணீர் செடிகளை வலுவிழக்கச் செய்தது, மழை மீதியை முடித்துவைத்தது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி வறட்சியை எளிதில் தாங்கும். வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்காது. உங்கள் வேலியோரத்துச் சரளை மண்ணில் மழைநீர் நிற்காமல் வடிந்துவிடுவதால்தான் அந்தச் செடி பிழைத்திருக்க வேண்டும்.

நீங்கள் விவரிப்பது நுனிக்கருகல் நோய் போலத் தெரிகிறது. ஈரம் மிகுந்த காலத்தில் பூசண இனத்தால் வரும் இந்நோயில், கொழுந்து முதலில் வெந்நீர் பட்டதுபோல் துவண்டு, பின்பு கரும்பழுப்பாகி, கருகல் தண்டு வழியே கீழே இறங்கும். எஞ்சிய மூன்று செடிகளில் கருகல் தென்பட்டால், அதற்கு நான்கு விரற்கடை கீழே, பச்சையான பகுதியில் வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். இனி மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றினால் போதும்.

புதிய செடிகளை அரை அடி உயர்த்திய பாத்தியில் வையுங்கள். விதையை வெளியே தேட வேண்டியதில்லை. இரட்டை இரட்டையாகக் காய்க்கும் மெல்லிய காய்கள் பச்சை மாறி மஞ்சள் படரும்போதே பறித்துவிட வேண்டும். ஓரிரு நாள் தாமதித்தால் வெடித்துச் சிதறிவிடும். உள்ளே கேழ்வரகு அளவில் கருவிதைகள் இருக்கும். அவற்றை மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மண்போர்வையால் மூடுங்கள், ஏனெனில் இவ்விதைக்கு இருட்டில்தான் முளைப்பு நன்றாக இருக்கும். நாற்று இரண்டு மாதத்தில் நடவுக்குத் தயாராகிவிடும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு நித்தியகல்யாணி இலையைத் தினமும் வெறும் வயிற்றில் மெல்லும்படி உறவினர் சொல்கிறார். மெல்லலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மெல்ல வேண்டாம். இதே நம்பிக்கை ஜமைக்காவிலும் இருந்தது. அங்கிருந்து 1952இல் கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழியே கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை; சாற்றை ஊசியாகச் செலுத்தியபோது வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்று நோயால் இறந்தன. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்லஸ் பீர் என்பவரும் பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டினும் இதே செடியின் கொடைதான். இலையில் இவை மிக நுண்ணிய அளவிலேயே இருப்பதால் டன் கணக்கில் இலையைப் பதப்படுத்திப் பிரிக்கிறார்கள். மருத்துவர்கள் அளவை எடைபோட்டு, இரத்த அணுக்களைக் கண்காணித்தபடி செலுத்துகிறார்கள். ஆடுகூடப் பொதுவாக ஒதுக்கும் இலையை, எவ்வளவு என்ற கணக்கே இல்லாமல் நாம் ஏன் மெல்ல வேண்டும்? கருவுற்ற பெண்கள் இதை எந்த வடிவிலும் உட்கொள்ளக் கூடாது. சர்க்கரைக்கு மருத்துவர் தந்த மாத்திரையை இந்த இலையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மார்கழியில் எங்கள் செடிகள் மஞ்சளாகி வளர்ச்சி நின்றுவிடுகிறது. உரம் போடலாமா?
– வாசகி, தளி

பதில்: தளியின் குளிர் இந்த வெப்பமண்டலச் செடிக்கு ஒவ்வாது. தொட்டியாக இருந்தால் வெயில் நேராக விழும் தெற்குச் சுவரோரம் நகர்த்தி, தண்ணீரையும் உரத்தையும் குறைத்து, மாசி வரை பொறுத்திருங்கள். ஆனால் இலைகள் சிறுத்து நெருக்கமாகி, பூவே பச்சையாக மாறியிருந்தால், அது தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோய். அதற்கு மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

கேள்வி: மானாவாரியாக அரை ஏக்கரில் பயிரிடலாமா?
– வாசகர், அரூர்

பதில்: வடிகால் உள்ள செம்மண் என்றால் நன்றாகவே வரும், உவர் நிலத்தில் இறங்க வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளி போதும். வெள்ளைப் பூப் பூக்கும் நிர்மல் என்ற இரகம் நுனிக்கருகலை ஓரளவு தாங்கும். ஆறாவது, ஒன்பதாவது மாதங்களில் இலையைப் பறித்து, ஓராண்டு முடிந்ததும் நிலத்தை நனைத்து உழுது வேரை எடுக்கலாம். இதை உள்ளூர்ச் சந்தையில் தக்காளியைப் போல் கூடையில் வைத்து விற்க முடியாது என்பதால், இலையையும் வேரையும் வாங்குபவர் யார், எந்த ஈரப்பதத்தில் கேட்கிறார், விலை என்ன என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விதையைத் தூவுங்கள். நடவு முறைகளை நேரில் கேட்டறியப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.